தோண்டாதீர்கள், சீவுங்கள்

"மணல்ல விழுந்துடுச்சா? பந்துக்குப் பின்னாடி ரெண்டு அங்குலம் விட்டு ஓங்கி ஒரு வெட்டு. வெளிய வந்தா போதும்." கோல்ஃப் பழக ஆரம்பித்த எவரும் முதல் மாதத்திலேயே இந்த அறிவுரையைக் கேட்டிருப்பார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல், ஷூ ஏற்றுமதியில் இருப்பவர்களில் ஒரு சிறு கூட்டம் ஞாயிறு விடியுமுன் காரில் கிளம்பி, பெங்களூரிலோ சென்னையிலோ ஆடிவிட்டு வருகிறது. அந்தக் காரில் நானும் உண்டு. திரும்பி வரும்போது நெடுஞ்சாலை முழுக்க ஒரே பேச்சு: பங்கர் என்னும் மணல்குழியில் யாருக்கு எத்தனை ஸ்ட்ரோக் போனது என்பது. அந்த அறிவுரையை ஏழெட்டு வருடம் நம்பி ஆடியிருக்கிறேன். அது தவறு. பாதி சரி, பாதி தவறு என்றுகூடச் சமாதானம் சொல்ல முடியாத தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மற்ற எந்த ஷாட்டிலும் கிளப் பந்தைத் தொடுகிறது. பந்தைப் போட வேண்டிய குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்து மணல்குழியில் மட்டும் தொடக் கூடாது. மணல்தான் பந்தைக் கிளப்ப வேண்டும். மணல் வேகத்தைக் குடித்துவிடும். ஆகவே பலம் வேண்டும். எதிரே குழியின் விளிம்பு எழுந்து நிற்கிறது. பந்தைத் தூக்க வேண்டுமானால் அதற்கு அடியில் ஆழமாக இறங்க வேண்டும். பிடி தளர்ந்தால் மணல் கிளப்பைத் திருப்பிவிடும். ஆகவே இறுக்கிப் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பங்கர்களில் மணல் ஒரே சீராக இல்லை, பழகவும் இடமில்லை. எனவே வாரத்தில் ஒரு நாள் ஆடுகிறவன் வெளியே வந்ததோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றைப் பிடித்து ஒன்று ஏறும் இந்த வாதம் கேட்பதற்குத் திடமாகவே இருக்கிறது. கிளப் பந்தைத் தொடக் கூடாது என்பதும், மணல் வேகத்தைக் குடிக்கிறது என்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளிலிருந்து இழுத்த முடிவுகள்தான் ஒவ்வொன்றாகப் பிழையாகின்றன.

1. பலம் வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நல்ல பங்கர் ஷாட் மணலில் விட்டுச்செல்லும் தழும்பு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், ஒன்றேகால் சென்டிமீட்டர் ஆழம். காய்ந்த மணல் கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம் என்று வைத்தால், கிளம்பும் மணல் 150 கிராம். தழும்பு கிண்ணம்போல இருக்கும், ஓரங்களில் ஆழம் குறையும் என்பதால் உண்மையில் அதற்கும் கீழேதான். பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. மணலுக்கென்று இருக்கும் கிளப்பான சாண்ட் வெட்ஜின் தலை சுமார் 300 கிராம். அதாவது 300 கிராம் இரும்பு, மணலும் பந்துமாக 200 கிராமைக் கிளப்ப வேண்டும். இதற்கு எந்தப் பயில்வானும் தேவையில்லை.

இப்போது அதே கிளப்பை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். மணல் 600 கிராம் ஆகிவிடுகிறது. கிளப்பின் தலையைப்போல் இரண்டு மடங்கு. கிளப் அங்கேயே நிற்கும். பந்து இரண்டடி நகர்ந்து, விளிம்பில் முட்டி, திரும்பக் காலடிக்கே உருண்டு வரும். ஆடியவர் என்ன நினைக்கிறார்? பலம் போதவில்லை என்று. அடுத்ததை இன்னும் ஓங்குகிறார், இன்னும் ஆழமாக இறக்குகிறார், இன்னும் அதிக மணலைத் தூக்கப் பார்க்கிறார். நோயையே மருந்தாகக் குடிப்பது இது. நாலு வெட்டு வெட்டிவிட்டு அவர் நகர்ந்த பிறகு, அந்தப் பள்ளங்களை ரேக்கால் இழுத்து இழுத்துச் சமன்படுத்தும் கேடியின், அதாவது கிளப் பையைச் சுமந்து கூட வரும் உதவியாளரின், முதுகை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேண்டியது வேகம். புல்லிலிருந்து பத்து கஜம் அனுப்ப எவ்வளவு ஸ்விங் தேவையோ, மணலிலிருந்து அதே பத்து கஜத்துக்கு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு நீள ஸ்விங் தேவை. நீளமான ஸ்விங் வேறு, முரட்டு ஸ்விங் வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக்கொடுத்ததன் விளைவை யார் அனுபவிக்கிறார்கள் என்று பாருங்கள். பெண்களிடமும் அறுபது தாண்டியவர்களிடமும் "உங்களால முடியாது, பங்கர் பக்கமே அடிக்காதீங்க" என்கிறார்கள். மேலே போட்ட கணக்கைச் செய்து முடிக்க எந்த வயதிலும் தோளில் தெம்பு உண்டு. அவர்களுக்குத் தவறிய இடம் பலமல்ல, ஆழம். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2. ஆழமாக இறங்கினால்தான் பந்து எழும் என்கிறார்கள். கையில் இருக்கும் கருவியை அவர்கள் திருப்பிப் பார்த்ததில்லை.

சாண்ட் வெட்ஜைத் தலைகீழாகப் பிடித்துக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அடிப்பாகம் தட்டையாக இல்லை. மணலில் முதலில் இறங்கப்போவதாக நீங்கள் நினைக்கும் முன்விளிம்பு மேலே இருக்கிறது. பின்பக்கம் தடித்து அதைவிடத் தாழ்ந்து தொங்குகிறது. அந்தச் சாய்வுக்குப் பெயர் பவுன்ஸ். முகம் 56 டிகிரி சாய்ந்த வழக்கமான சாண்ட் வெட்ஜில் அது பத்திலிருந்து பதினாலு டிகிரி வரை இருக்கும். கிளப் மணலுக்குள் புதையாமல் வழுக்கி வெளியே வர வேண்டும் என்பதற்காகவே செய்த வடிவம் அது. தோண்டாமல் இருக்கச் செய்த கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அதைக்கொண்டு தோண்டச் சொல்கிறோம்.

எனக்கு இது புரிந்த இடம் கோல்ஃப் மைதானம் இல்லை. ஷூ கம்பெனி சாம்பிள் ரூம். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும்போது இரண்டு துண்டுகள் சேரும் இடம் தடித்து நிற்கக் கூடாது. அதற்காகத் தோலின் ஓரத்தைச் சதைப்பக்கம் மெலிதாகச் சீவுவார்கள். ஸ்கைவிங் என்பது அதுதான். லைனில் மெஷின் செய்கிறது. சாம்பிள் ரூமில் இன்றும் கைக்கத்தி உண்டு. வழுவழுப்பான கல்லின்மேல் தோலை விரித்து, இடது கையால் அழுத்தி, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளுவார்கள். பிடியை ஒரு நூல் தூக்கினாலும் கூர் இறங்கித் தோல் ஓட்டையாகும். ஒரு நூல் தாழ்த்தினால் கத்தி மேலே வழுக்கி ஓடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோணம் இருக்கிறது. அந்தக் கோணத்தில் 1.2 மில்லிமீட்டர் தோல் 0.5க்கு வந்துவிடும், வெங்காயத் தோல்போல ஒரு சுருள் கத்தியின்மேல் ஏறிக்கொண்டே வரும். கை நிற்பதில்லை, அழுத்துவதுமில்லை. இழுப்பு ஒரே சீராகப் போகிறது.

சென்னையில் ஒரு நாள் மூன்றாவது வெட்டும் வீணான பிறகு, கூட வந்த கேடி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கீழ போகாதீங்க. தேச்சிக்கிட்டே போங்க." ரேக்கின் பின்பக்கத்தை மணல்மேல் ஒரு இழுப்பு இழுத்தும் காட்டினார். அந்த நொடியில் எனக்குச் சாம்பிள் ரூம் கல்தான் நினைவுக்கு வந்தது. இருபது வருடம் அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அதே விஷயத்தை மணலில் ஒருவர் இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

பழைய அறிவுரை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1930 வரை குழியிலிருந்து பந்தை எடுக்க ஆட்டக்காரர்கள் நம்பியிருந்தது நிப்ளிக் என்ற மெல்லிய விளிம்புள்ள இரும்பை. அது மணலில் கத்திபோல இறங்கும். அதை வைத்துக்கொண்டு வெட்டத்தான் முடியும். நடுவில் முகம் குழிந்த ஒரு வெட்ஜ் வந்து, 1931இல் விதிகளால் தடைசெய்யப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் ஃபுளோரிடாவின் நியூ போர்ட் ரிச்சியில் கோல்ஃப் வீரர் ஜீன் சாராசென் தன் நிப்ளிக்கின் அடிப்பாகத்தில் ஈயத்தைப் பற்றவைத்து, ராவி, அடித்துப் பார்த்து, மறுபடி பற்றவைத்தார். விமானம் எழும்பும்போது வால் தாழ்ந்து மூக்கு உயர்வதைப் பார்த்து அந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பின்பக்கம் முதலில் மணலைத் தொட்டால் முன்விளிம்பு புதையாது, அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 1932இல் இங்கிலாந்தின் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபனை 283 ஸ்ட்ரோக்குகளில், ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றபோது அந்தக் கிளப் அவர் பையில் இருந்தது. இன்று உலகில் விற்கும் சாண்ட் வெட்ஜ் எல்லாம் அதன் வாரிசுகள். கருவி மாறித் தொண்ணூறு வருடம் கடந்துவிட்டது. வாயால் கைமாறி வரும் பாடம் மட்டும் நிப்ளிக் காலத்திலேயே நிற்கிறது.

பவுன்ஸைப் பறிகொடுப்பது மிக எளிது. கைகளைப் பந்துக்கு முன்னால் தள்ளி கிளப்பின் தண்டான ஷாஃப்டைப் பத்து டிகிரி சாய்த்தால், பத்து டிகிரி பவுன்ஸ் போய்விட்டது. உங்கள் கையில் இருப்பது மறுபடியும் நிப்ளிக். பந்தை வலது கால் பக்கம் வைத்தாலும் கதை இதுவே. கிளப்பின் முகத்தைச் சற்று வானம் பார்க்கத் திறந்து, அதன் பிறகு பிடியைப் பிடித்து, பந்தை இடது குதிகாலுக்கு நேரே வைத்து, கைகளைத் தாழ்த்தி, ஷாஃப்டை நிமிர்த்தி வைத்தால் பவுன்ஸ் முழுதாக வேலை செய்யும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலில் பிடித்துவிட்டு மணிக்கட்டை முறுக்கி முகத்தைத் திறந்தால், மணலைத் தொடும் நேரத்தில் அது தானாக மூடிக்கொள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

3. "இரண்டு அங்குலம் பின்னால்" என்பது எதிர்த்தரப்பின் உறுதியான கோட்டை. அதிலும் ஒரு பொந்து இருக்கிறது.

கிளப் எங்கே இறங்க வேண்டும் என்று அது சொல்கிறது. எங்கே வெளியேற வேண்டும் என்று சொல்வதில்லை. பாதி வழியைக் காட்டி விட்டுவிட்டால் மனிதக் கை என்ன செய்யும்? காட்டிய புள்ளியைக் குறிவைத்துக் குத்தும், அங்கேயே நிற்கும். இந்த அறிவுரையைக் கேட்டவர்களின் கிளப் மணலுக்குள் நின்றுபோவது தற்செயல் இல்லை, பாடத்தை அவர்கள் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறார்கள்.

இப்போது புழங்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 சென்டிமீட்டர் அகலம். நல்ல தழும்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். பந்து அந்த நோட்டின் நடுவில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டு முழுவதையும் அடியோடு உருவி எடுத்துக் கிரீன் பக்கம் வீச வேண்டும். மேலே இருக்கும் பந்து கூடவே போகும். இறங்கும் இடம் இரண்டு அங்குலமா, மூன்றா என்பதில் கொஞ்சம் பிசகினாலும் ஷாட் கெடாது, ஏனென்றால் மணல் அந்தப் பிழையைத் தாங்கும். வெளியேறாமல் நின்றால் எதுவும் தாங்காது. கிளப்பை நேரே பந்தில் அடிக்க வேண்டிய புல் ஷாட்டைவிட இது பெருந்தன்மையான ஷாட். இதைத்தான் நாம் கோல்ஃபிலேயே கஷ்டமானது என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

இறங்குவதற்காகக் குத்தவும் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணம் காலடியில் இருக்கிறது. பங்கரில் நிற்கும்போது பாதங்களைத் திருகி மணலில் ஒரு அங்குலம் புதைக்கிறோம். பந்து மேலேயே இருக்கிறது, நாம் ஒரு அங்குலம் இறங்கிவிட்டோம். அதனால் ஸ்விங்கின் அடிவட்டமும் அந்த ஒரு அங்குலம் தாழ்ந்துவிடும். இடது காலில் எடையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துச் சாதாரணமாக ஸ்விங் செய்தாலே கிளப் மணலுக்குள் போகும். கால் ஏற்கனவே செய்துவிட்ட வேலையைக் கை மறுபடி செய்யும்போதுதான் 600 கிராம் மணல் கிளம்புகிறது.

4. இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறவர்களிடம் அவர்களின் கையுறையைக் கழற்றித் தரச் சொல்வேன்.

தோல் தொழிலில் இருப்பவனுக்குத் தேய்மானம் ஒரு எழுத்து, படித்துவிடலாம். கோல்ஃப் கையுறைக்கு எடுப்பது உரோம ஆட்டின், அதாவது கம்பளி இல்லாத செம்மறியின் தோல். மெல்லியது, மிருதுவானது, இழுவைக்குத் தாங்குவது. நம் பக்கத்து மேச்சேரி ஆடும் அந்த வகைதான். அதன் தோலுக்கு வியாபாரத்தில் தனி மரியாதை. அவ்வளவு நல்ல தோல் ஒரே மாதத்தில் உள்ளங்கையின் அடிமேட்டில் ஓட்டையாகிறதென்றால், ஸ்விங்கில் கிளப் அங்கே நகர்ந்து உரசுகிறது என்று அர்த்தம். இறுக்கிப் பிடிப்பவர்களின் கையுறையில்தான் அந்த ஓட்டையை அதிகம் பார்க்கிறேன். காரணம் நேரானது. உள்ளங்கையில் அடக்கி நசுக்கிப் பிடித்த பிடி ஸ்விங் முழுவதும் அதே இறுக்கத்தில் நிற்காது. மேலே போகும்போது தளரும், கீழே வரும்போது திடீரென்று மறுபடி இறுகும். இறுகும் நொடியில் முன்கை விறைத்து, மணிக்கட்டு அசைவிழந்து, வேகம் பாதியாகிவிடும். வேகம் போனால் பங்கரில் மிச்சம் ஒன்றுமில்லை. விரல்களில் பிடித்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு அழுத்தத்தில் வைத்திருந்தால், அடிப்பாகம் வழுக்கிப்போகும் கிளப்பை மணல் திருப்பாது. முன்விளிம்பு புதைந்தால்தான் திருப்பும். இறுக்கமான பிடி, தோண்டுகிறவன் தேடிக்கொண்ட பிரச்சினைக்கு அவனே கண்ட வைத்தியம்.

5. "அறுபது டிகிரி வெட்ஜ் வாங்கிடுங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்."

இதைச் சொல்லாத நண்பர் இல்லை. லாஃப்ட், அதாவது முகச்சாய்வு, அதிகம் உள்ள கிளப் பந்தை உயரத் தூக்கும், உண்மை. ஆனால் பல அறுபது டிகிரி வெட்ஜ்களில் பவுன்ஸ் குறைவு. மெல்லிய மணலில் அவை புதைவதற்கே தயாராக நிற்கும். செவே பால்லெஸ்தெரோஸ் சிறுவனாக ஸ்பெயினின் பெத்ரேன்யா கடற்கரையில் ஒரே ஒரு மூன்றாம் நம்பர் இரும்பை வைத்துக்கொண்டு மணலில் ஆடிப் பழகியவர். பின்னாளில் மூன்று பிரிட்டிஷ் ஓபன், இரண்டு மாஸ்டர்ஸ் வென்றார். நம் நாட்டிலும் 1991இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர், 2009இல் வென்ற பெங்களூர் முனியப்பா இருவரும் கேடிகளாக இருந்து வந்தவர்கள். காசு கொடுத்துத் திறமை வாங்குகிற வழி அவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. வெட்ஜ் வாங்கப்போகும் காசுக்கு, கையில் இருப்பதன் அடியை முதலில் ஒருமுறை பார்த்துவிடலாம்.

6. "நம்ம ஊர் மணல் சரியில்லை." இதில் உண்மை இருக்கிறது. ஆகவே இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பங்கர் மணலின் துகள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடையில் இருப்பது நல்லது என்பது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் பரிந்துரை. உருண்டைத் துகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். பந்து அதில் புதையும். முனையுள்ள துகள் கோத்துக்கொண்டு நிற்கும். பந்து மேலேயே உட்காரும். ஆற்று மணலுக்கும் எம் சாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீடு கட்டிய யாரும் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவின் கண்கூசும் வெள்ளை மணல்கூட வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் சுரங்கங்களில் வேறொரு கனிமம் எடுக்கும்போது மிஞ்சுகிற குவார்ட்ஸ்தான். மைதானத்துக்கு மைதானம், குழிக்குக் குழி மணல் மாறும். அக்னி நட்சத்திர வெயிலில் மாவாகக் கிடக்கும் அதே குழி, ஐப்பசி மழைக்குப் பிறகு அடித்து இறுகிய தரையாகிவிடும். சில பங்கர்களில் அரை அங்குல மணலுக்குக் கீழே கட்டாந்தரை.

ஆனால் இதிலிருந்து "ஒன்றும் செய்ய முடியாது" என்ற முடிவு எப்படி வரும்? மாறுகிறது என்றால் படிக்க வேண்டும் என்றுதான் வரும். படிப்பதற்கு விதியே இடம் கொடுக்கிறது: நிற்பதற்காகப் பாதத்தைத் திருகிப் புதைக்கலாம். அந்தத் திருகலிலேயே உள்ளங்கால் சொல்லிவிடும், மணல் ஆழமா, மெலிதா, ஈரமா என்று. ஆழமான காய்ந்த மணலுக்கு முகத்தை நன்றாகத் திறங்கள், ஸ்விங்கை நீட்டுங்கள். ஈரமாகவோ மெலிதாகவோ இருந்தால் முகத்தைக் கிட்டத்தட்ட நேராக வையுங்கள், ஸ்விங்கைக் குறையுங்கள். பவுன்ஸ் அதிகமானால் கிளப் தரையில் மோதித் தெறித்துப் பந்தின் வயிற்றில் அடிக்கும், பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். பந்து பாதி புதைந்து கிடந்தால் மட்டும் முகத்தை மூடி, முன்விளிம்பை இறக்கி, தோண்டத்தான் வேண்டும். அப்போது பந்து தாழ்வாக வந்து நிறைய உருளும் என்று எதிர்பார்த்து ஆட வேண்டும். எதிர்த்தரப்பின் பாடம் செல்லுபடியாகும் ஒரே இடம் அது. விதிவிலக்கு எப்படியோ விதியாகிவிட்டது.

விதிகள் என்றதும் இன்னொன்று. பங்கரில் காய்ந்த இலையையோ கல்லையோ தொடக் கூடாது என்று இன்றும் அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. 2019இலிருந்து எடுக்கலாம், எடுக்கும்போது பந்து நகர்ந்துவிட்டால்தான் ஒரு ஸ்ட்ரோக் தண்டனை. மணலைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தொடக் கூடாது. பந்துக்கு முன்னாலோ பின்னாலோ கிளப்பை மணலில் ஊன்றக் கூடாது. பயிற்சி ஸ்விங்கிலும் பின்ஸ்விங்கிலும் மணல் படக் கூடாது. அந்தத் தடைகள் நீடிக்கின்றன. ஆடவே முடியாத நிலையென்றால், இரண்டு தண்டனை ஸ்ட்ரோக் ஏற்றுக்கொண்டு குழிக்கு வெளியே பின்னால் வந்து ஆடவும் 2019இலிருந்து வழி உண்டு. நாலு வெட்டு வெட்டுவதைவிட அது மலிவு.

மணலைப் பற்றிப் பேசும்போது பாலாற்றை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தொழிலின் கழிவு அந்த ஆற்றுக்குச் செய்ததைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் வேலூர் குடிமக்கள் தொடுத்த அந்த வழக்குக்கு முக்கியப் பங்கு உண்டு. 2025 ஜனவரியில் நீதிமன்றம் மறுபடியும் அதே ஆற்றுக்காகப் பேச வேண்டியிருந்தது. மிச்சமிருந்த மணலை லாரிகள் கொண்டுபோயின. ஆகவே பழகுவதற்காக ஆற்றில் இறங்கி மணல் அள்ளுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்குத் தேவையும் இல்லை.

7. கடைசியாக, "வெளியே வந்தால் போதும்." இதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது, ஏனென்றால் இது பணிவுபோல வேடம் போடுகிறது.

அமெரிக்காவின் பிஜிஏ டூர் ஆட்டங்களின் ஷாட் அளவுகளை ஆராய்ந்த பேராசிரியர் மார்க் பிராடி 2014இல் வெளியிட்ட கணக்கு இது: கிரீனில் கொடி நிற்கும் குழிக்கு 20 கஜ தூரத்தில், வெட்டிய புல்லிலிருந்து ஆட்டத்தை முடிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குச் சராசரி 2.40 ஸ்ட்ரோக், மணலிலிருந்து 2.53, அடர்ந்த புல்லிலிருந்து 2.59. மணல் அடர்ந்த புல்லைவிட எளிது என்று இந்த எண்கள் சொல்கின்றன. நாமோ மணலைக் கண்டு நடுங்கி, அந்தப் பக்கம் விழாமலிருக்க வேண்டுமென்றே அடர்ந்த புல்லில் அடிக்கிறோம். அவர்களுக்குத் திறமை இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்பார்கள். திறமை எல்லா ஷாட்டுக்கும் பொதுதானே. அவர்களுக்கு அடர்ந்த புல்லைவிட மணல் எளிதாகவும், நமக்கு அடர்ந்த புல்லைவிட மணல் பல மடங்கு கடினமாகவும் இருப்பதற்குத் திறமை விளக்கம் சொல்லாது. கற்றுக்கொண்ட முறைதான் விளக்கம் சொல்லும். அதே ஆட்டக்காரர்களும் கிரீன் ஓரப் பங்கரிலிருந்து இரண்டே ஸ்ட்ரோக்கில் முடிப்பது ஏறத்தாழ பாதி தடவைதான். ஆகவே எவரிடமும் அற்புதம் கேட்கவில்லை. மூன்றில் முடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம் என்கிறேன். "வெளியே வந்தால் போதும்" என்று இலக்கை வைத்தவன் நாலு, ஐந்துதான் எழுதுகிறான். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்ளாமல் ஆடிய ஷாட்டிலிருந்து கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. பத்து வருடம் ஆடியும் முதல் வருடத்துப் பங்கர் ஷாட்டையே ஆடுகிறான்.

இடமில்லை என்பதும் நிற்காது. ஆறடிக்கு நாலடி, ஐந்து அங்குல ஆழம் என்றால் பத்து கன அடி மணல். நம் பக்கம் மணல் விற்கும் ஒரு யூனிட் 100 கன அடி. அதில் பத்தில் ஒன்று. எங்கள் வீட்டுப் பின்கட்டில் தென்னைக்குப் பக்கத்தில் அந்த அளவுக்குச் செங்கல் வரப்புக் கட்டி, சலித்த எம் சாண்ட் கொட்டியிருக்கிறேன். பந்து வேண்டாம், வலை வேண்டாம். ஒரு குச்சியால் குறுக்கே கோடு கிழிக்க வேண்டும். கோட்டை இடது குதிகாலுக்குச் சற்று வலப்பக்கமாக வைத்து நின்று, அந்தக் கோட்டில் இறங்கி ஒரு நோட்டு நீளம் தள்ளி வெளியேற வேண்டும். இருபது தடவை ஸ்விங் செய்து, கோட்டில் தொடங்கிய தழும்புகளை மட்டும் எண்ண வேண்டும். ஆழத்தை விரலால் பார்த்துவிடலாம். முதல் கணு மறைந்தால் அதிகம்.

முதல் நாள் எனக்கு இருபதில் மூன்று. அந்த மூன்றும்கூட ஆழம். மூன்று வாரம் காலையில் டீ குடிக்குமுன் பத்து நிமிடம் செய்த பிறகு இருபதில் பதினொன்று. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், தோள் ஆபரேஷன் ஆனவர், "பங்கர் என் ஆட்டம் இல்லப்பா" என்று எப்போதும் தலையாட்டுகிறவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். கிளப்பைக் கையில் கொடுத்து அடிப்பாகத்தைக் காட்டினேன், கோட்டைக் கிழித்தேன். முதல் நாலும் குத்தி நின்றன. ஐந்தாவதுக்கு மணல் அவருக்கு முன்னால் விசிறிபோல எழுந்து, செங்கல் வரப்பைத் தாண்டித் துளசிச் செடியின்மேல் சரசரவென்று விழுந்தது. அவர் குனிந்து தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். அளவு சரியாக இருந்தது. நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குச்சியை எடுத்து அவரே அடுத்த கோட்டைக் கிழித்தார்.